சாத்திரியாரின்ரை மூக்குக்கண்ணாடி

மூடியோ கதவோ, கழண்ட பிணைச்சல் எண்டால் என்னட்டை விடுங்கோ. எழுபதுகளிலை கொக்குவிலிலை எங்கடை வீட்டிலை நான் கைவைக்காத மூடியே இல்லை. றேடியோவின்ரை பற்றரி மூடிக்குச் சைக்கிள் ரியூப்பிலை ஒரு துண்டு வெட்டி ஒட்டினனான். சூட்கேசுக்குக் குடைக்கம்பி. நான் திருத்தினால் சாமான் உக்கிப் போனாலும் பிணைச்சல் நிக்கும். பெருமை எண்டு நினைச்சால் நினையுங்கோ, உள்ளதைத்தான் சொல்லுறன்.

ஒரு வாத்தியாரை எனக்குப் பிடிச்சதும் உந்த வேலையாலைதான். மானிப்பாயிலை ஒரு பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சவர், நான் போற பஸ்ஸிலை வாறவர். ஒருநாள் அவரின்ரை சாப்பாட்டுப் பெட்டி மூடி கழண்டு விழ, என்ரை சீலையிலை குத்தியிருந்த ஊசியைக் கழட்டிப் பஸ்ஸுக்குள்ளையே பூட்டிக் குடுத்தன். அதுக்குப் பிறகு எனக்கு இடம் பிடிச்சு வைக்கத் தொடங்கினார். கட்டினால் இவரைத்தான் எண்டு ஐயாவிட்டை நேரை சொன்னன். ஐயா கோபிக்கேல்லை. அவரின்ரை சாதகமும் வந்து சேர்ந்துது. பொருத்தம் இருந்தால் மேற்கொண்டு கதைப்பம், உங்கடை சாத்திரியாரே பாக்கட்டும் எண்டு அவரின்ரை தாய்க்காரி சொல்லிவிட்டா.

சாத்திரியார் ஒரு வெள்ளிக்கிழமை விடிய வந்தார். கண்ணாடியைக் கூட்டிலையிருந்து எடுக்க, காதிலை மாட்டுற ஒரு கை கழண்டு மடியிலை விழுந்துது. பிணைச்சல் ஆணியைக் காணேல்லை. தடிச்ச கண்ணாடி, அது இல்லாமல் மனுசனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. மூக்கிலை வைச்சு வைச்சுப் பாத்தார், நிக்கேல்லை.

"ஐயோ, நல்ல நாளும் அதுவுமா!" எண்டார். பிறகு ஐயாவைப் பாத்து, "பறவாயில்லை, நீர் ரெண்டு சாதகத்தையும் வாசியும். எந்தக் கிரகம் எந்த வீட்டிலை நிக்குது எண்டு சொன்னால் போதும், நான் கணிச்சுச் சொல்லுறன்" எண்டார்.

"ஓம், தாங்கோ" எண்டு ஐயா உடனை கையை நீட்டினார்.

எனக்குப் பொறுக்குமே? தேத்தண்ணித் தட்டத்தை வைச்சிட்டு, கண்ணாடியைப் பறிக்காத குறையா வாங்கினன்.

"விடு பிள்ளை, நான் வாசிக்கிறன்" எண்டார் ஐயா.

"சும்மா இருங்கோ ஐயா, அஞ்சு நிமிச வேலை" எண்டு உள்ளை ஓடிட்டன்.

ஒரு குண்டூசியைப் பிணைச்சல் ஓட்டைக்குள்ளை செருகி, மிச்சத்தைக் குறட்டாலை நறுக்கி, நுனியை மடக்கித் தட்டினன். துளியும் ஆடேல்லை. சாத்திரியார் மாட்டிப் பாத்திட்டு, "அட, புதுசிலை கூட இப்பிடி இறுக்கமா இருக்கேல்லை!" எண்டார். நான் கதவடியிலை நிண்டு சிரிச்சன்.

அந்தக் கண்ணாடியாலை அவர் ரெண்டு சாதகத்தையும் வடிவாப் பாத்தார். திருப்பியும் பாத்தார்.

"பிள்ளைக்கு ஏழிலை செவ்வாய், தோசம். பொடியனுக்கு அப்பிடி இல்லை. இது சரிவராது."

சாத்திரியார் சொன்னால் சொன்னதுதான், ரெண்டு வீட்டிலையும் அதுக்கு மேலை பேச்சில்லை. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன பிறகும் ஐயா முத்தத்திலையே நிண்டார்.

"ஐயா, உங்களுக்கு உது முதலே தெரியுமோ?" எண்டு கேட்டன்.

"பெத்த பிள்ளையின்ரை சாதகம் எனக்குத் தெரியாதே?" எண்டார். "ஏழிலை நிண்டதை மூண்டிலை எண்டு வாசிக்கத்தானே பிள்ளை கையை நீட்டினனான்."