"யார் மேல?" என்று கேட்டவள்

வேதியியல் செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஆய்வுக்கூட வாசலில் தணிகாசலம் வந்து நின்றான். எங்கள் கல்லூரிக்குள் அவன் அதற்கு முன் வந்ததில்லை. வாட்ச்மேனிடம் என்ன சொல்லி உள்ளே வந்தான் என்று தெரியவில்லை. வழக்கம்போல் இடது கையைப் பேண்ட் பைக்குள் விட்டிருந்தான்.

"அமலி செத்துப் பூட்டாக்கா" என்றான். "காலைல, ஜி.எச்.ல."

மாணவிகளைச் சக ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு அவனோடு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறினேன்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது பஸ் நிலையச் சுவரில் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசை காயவில்லை. அமலியின் படம் ஒரு மூலையில் சிறியதாக இருந்தது. அதற்கு மேல், கைகூப்பியபடி, இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் கம்பெனி முதலாளியின் படம் பெரியதாக இருந்தது. 'எங்கள் நிறுவனத்தின் இசைக்குயிலுக்குக் கண்ணீர் அஞ்சலி.' வரும் ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் நினைவுக் கூட்டம். தலைமை அவர். படத்திறப்பும் அவர்.

தணிகாசலம் அதை ஒரு முறை வாய்விட்டுப் படித்தான். "குயிலாம்க்கா. அவ இருந்திருந்தா மைக்காலயே அடிச்சிருப்பா."

நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று கம்பெனியிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். அமலி என் வீட்டுப் பின்பகுதியில் குடியிருந்தவள் என்பது அவர்களுக்குத் தெரியும். "ரெண்டு பக்கம் போதும் மேடம், உருக்கமா இருக்கணும்" என்றார் வந்தவர். அந்த இரண்டு பக்கம் இதுதான். மலரில் போட மாட்டார்கள் என்பதால் நானே அச்சடித்து, மண்டப வாசலில் நின்று உங்கள் கையில் தருகிறேன். ஐம்பதை நெருங்கும் வயதில் இது எனக்குப் புதிய வேலை. உள்ளே போய் உட்கார்ந்து படியுங்கள். தலைமை தாங்குகிறவர்கள் தாமதமாகத்தான் வருவார்கள்.

ஒரகடம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அமலி இங்கே வந்தது பிரஸ் கம்பெனி வேலைக்காக. வீடு கேட்டு வந்த அன்றே, தன்னைப் பற்றி என்னிடம் யாராவது சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட்டாள். மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து அவளை நீக்கியிருந்தார்கள். "கோரஸ்ல ஒருத்தி கொரலு மட்டும் தனியா கேக்கக் கூடாதாம்க்கா. அப்போ இன்னாத்துக்கு எனக்கு மட்டும் இப்டி கொரலு குடுத்தாரு ஆண்டவரு?" வீட்டைக் கொடுத்தேன்.

இங்கிலாந்து போய்வந்த என் சக ஆசிரியை ஒருத்தி ஒரு கேசட் கொண்டுவந்து தந்திருந்தாள். அங்கே இளைஞர்கள் அதற்குப் பைத்தியமாக இருக்கிறார்களாம். போட்டுப் பார்த்தேன். இரண்டு மூன்று ஸ்வரங்களைக் கிடாரில் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு ஒருவன் கத்தினான். அழித்துவிட்டு வேறு எதையாவது பதிவுசெய்துகொள் என்று அமலியிடம் கொடுத்தேன். அன்று மாலை முழுதும் பின்பக்கத்தில் அதுவே ஓடியது. பிறகு வந்து கதவைத் தட்டினாள்.

"இவனுக்குப் பாடத் தெரியலக்கா."

"அதைத்தான் நானும் சொன்னேன்."

"ஆனா பயங்கர கோவத்துல கீறான். யார் மேல?"

வார்த்தைகள் எனக்கும் சரியாகப் புரியவில்லை. வேலை கிடைக்காத கோபம் போலிருக்கிறது என்றேன்.

"வேலை கெடைக்காததுக்கே இந்தக் கத்தா? கெடைச்சா இன்னா பண்ணுவான்?"

நீங்கள் அறிந்த 'மூணாம் ஷிப்ட்' குழு அப்படித்தான் தொடங்கியது. அமலியுடன் பிரஸ்ஸில் வேலைபார்த்த தணிகாசலம் பலாப் பலகையில் ஒரு கிடார் செய்தான். பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்துக் கிடாருக்கு ஒலிபெருக்கி ஆக்கினான். கல்யாண பேண்டில் டிரம் அடித்த பாபு மூன்றாமவன். பயிற்சி என் வீட்டுப் பின்னால் இருந்த கொட்டகையில். விடைத்தாள் திருத்த முடியவில்லை என்று பலமுறை போய்ச் சண்டை போட்டிருக்கிறேன். கொஞ்சம் அழகாகவாவது பாடக் கூடாதா என்று ஒருநாள் கேட்டேன். "அழகா பாடினா நல்லா கீதுன்னு சொல்லிட்டுத் தூங்கப் பூடுவாங்கக்கா" என்றாள்.

மெல்லிசைக் கச்சேரிகளில் விருப்பப் பாடலைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சுங்குவார்சத்திரத்தில் அவர்கள் முதன்முதலில் பாடியபோதும் சீட்டுகள் வந்தன. எல்லாம் சினிமாப் பாட்டு. அமலி அவற்றைத் திருப்பிக் கொடுத்தாள். "சீட்டு வாணாம். வாய் கீதில்ல? யார் மேல கோவம்னு எழுந்து நின்னு சொல்லு. அவன் இன்னா பண்ணான்னும் சொல்லு. நாங்க பாடறோம்."

கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு ஒரு கிழவர் எழுந்து, மண்ணெண்ணெயில் அளவு குறைக்கும் ரேஷன் கடைக்காரரின் பெயரைச் சொன்னார். பாபு அடித்தான்; தணிகாசலம் கிடாரை உலுக்கினான்; அமலி அந்தப் பெயரைக் கத்தினாள். பாட்டு இரண்டு நிமிடம்கூட இருக்காது. அடுத்த கச்சேரிக்குக் கூட்டம் இரட்டிப்பாக வந்தது. அது இசைக்காக வந்த கூட்டம் என்று நான் நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை.

அவளிடம் இரண்டு விதிகள் இருந்தன. அடிபட்டவர்தான் பெயரைச் சொல்ல வேண்டும். "அடுத்தவனுக்கோசரம் நான் சொன்னா அது புறணி" என்பாள். மற்றது, பெயர் சொல்லப்பட்டவர் பதில் சொல்ல வந்தால் மைக்கை அவரிடம் கொடுக்க வேண்டும். ஒரு தடவை, நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தாத கண்டக்டரைப் பற்றிப் பாடினார்கள். கூட்டத்திலேயே இருந்த அவர் விறுவிறுவென்று மேடையேறி மைக்கைப் பிடுங்கினார். "யோவ், அந்த வண்டிய நிறுத்தினா திருப்பி ஸ்டார்ட் ஆவாதுய்யா! நீங்கதானே எறங்கித் தள்ளணும்? டிப்போ மேனேஜரப் போய்க் கேளு!" அமலி மைக்கை வாங்கி, "அண்ணே, நீங்க யார் மேல?" என்றாள். அவர் சொன்னார். டிப்போ மேனேஜரைப் பற்றிய பாட்டு அந்த இடத்திலேயே பிறந்தது. அதை நீங்கள் எல்லாரும் பாடியிருக்கிறீர்கள்.

இனிச் சொல்லப்போவதற்குச் சிரிக்க முடியாது.

பிரஸ் இயந்திரத்தில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கைகளாலும் இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் மேல்தட்டு இறங்கும். கை உள்ளே மாட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஒரு பொத்தானைக் கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டால் ஒரு கையால் தகட்டை வைத்துக்கொண்டே மறு கையால் அழுத்தலாம். வேலை வேகமாக நடக்கும். முதலாளி கட்டச் சொன்னார். கட்டினார்கள். தணிகாசலத்தின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. கிடாரின் தந்திகளை அமுக்கும் கை.

மருத்துவமனையில் அவன் கட்டு பிரிக்கும் முன்பே கம்பியைப் பிரித்துவிட்டார்கள். அவனது தங்கைக்குக் கம்பெனியில் வேலை கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக அவன் வாயைத் திறக்கக் கூடாது.

அந்த வருடம் வல்லக்கோட்டை ஆடிக் கிருத்திகையில், மெல்லிசைக் குழு வருமுன் கொஞ்ச நேரம் பாட மூணாம் ஷிப்டுக்கு இடம் கிடைத்தது. விழாச் செலவில் பாதி முதலாளியின் உபயம். பொன்னாடையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கிடார் இல்லை. டிரம்மும் குரலும் மட்டும். அமலி வழக்கம்போல் "யார் மேல?" என்றாள். யாரும் எழவில்லை. கூட்டத்தின் நடுவே கைக்கட்டோடு இருந்த தணிகாசலத்தைப் பார்த்து மறுபடி கேட்டாள். பாதி எழுந்தான். பக்கத்திலிருந்த தங்கை சட்டையைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்துவிட்டான்.

"நீயே சொல்லு அமலி!" என்று யாரோ கத்தினார்கள்.

"எனக்குப் பத்து விரலும் கீது" என்றாள். "இல்லாதவன் சொல்லட்டும். நான் நிக்கிறேன்."

கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பாபு அடிப்பதை நிறுத்தினான். பின்வரிசையிலிருந்து தலைகள் ஒவ்வொன்றாக முன்வரிசைப் பக்கம் திரும்பின. மைக் செட்காரர் சுவிட்சை அணைத்தார். அதற்குப் பிறகும் அவள் அசையவில்லை. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார், பிறகு எழுந்து நடந்தார். பொன்னாடை நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கவும் அவருக்குத் தைரியம் வரவில்லை. அதைப் பார்த்தபோது எனக்குள் எழுந்தது மகிழ்ச்சிதான். மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் கம்பெனி கேட்டில் அமலியை உள்ளே விடவில்லை. நான் முதலாளியைப் போய்ப் பார்த்தேன். காபி வரவழைத்தார்.

"நல்ல குரல்ங்க மேடம் அந்தப் பொண்ணுக்கு. அழகா சாமி பாட்டு பாடலாம். ஏன் இப்படிக் கத்துது?"

"பொத்தானில் கம்பி கட்டச் சொன்னது யார்?" என்று கேட்டேன்.

"பையன் ராத்திரியெல்லாம் கிடார் வாசிச்சிட்டு வந்து மெஷின்ல தூங்கினா, மெஷின் என்ன பண்ணும் சொல்லுங்க? காபி ஆறுது."

காபியைத் தொடாமல் வந்தேன். அந்தச் சாலையில் எந்தக் கம்பெனியும் அவளை எடுக்கவில்லை. கடைசியில் ஒரு காண்ட்ராக்டரின் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில், இரும்புத் தகடுகளை மருந்துத் தொட்டியில் முக்கி எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் வேலை கிடைத்தது. கையுறை கிடையாது, சன்னல் கிடையாது. தகடுகள் வந்ததும் திரும்பிப் போனதும் அதே பிரஸ் கம்பெனிக்கு. மாலையில் அவள் தலைமுடியில் அந்த மருந்தின் இனிப்பு வாசனை அடிக்கும். அந்தத் திரவத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் நான். ஈரலைத் தின்றுவிடும் என்று சொன்னேன்.

"ஈரலு எந்தப் பக்கம்க்கா கீது?"

காட்டினேன்.

"பாடறதுக்கு அது வோணுமா?"

வேறு வேலை தேடித்தர நானும் அலைந்தேன். அவள் முதலாளியை எழுந்து போகவைத்த கதை எனக்கு முன்பே எல்லா வாசலுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

குழு நிற்கவில்லை. தணிகாசலத்தை விரட்டி விரட்டிக் கிடாரைக் கைமாற்றிப் பிடிக்க வைத்தாள். "கோயிலாண்ட வாயத்தான் தொறக்கல, இங்க கையயாவது தொற." டீக்கடை முற்றங்களில் பாடினார்கள். நீங்கள் வந்தீர்கள். ஒவ்வொரு கச்சேரியின் முடிவிலும் அவனைப் பார்த்துக் கேட்பாள். அவன் தலையைக் குனிவான். அவள் வற்புறுத்தமாட்டாள். அவளது கண்கள் மஞ்சளான பிறகும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியாக ஜி.எச்.சில் பார்த்தபோது என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க மட்டும் ஒருவாட்டி கூட எழுந்து நிக்கவேயில்லயே. யார் மேலயும் கோவமே இல்லியா?"

"எனக்கு யாரும் எதுவும் செய்யவில்லையே, அமலி."

"செய்வாங்க. அப்போ சொல்லுங்க" என்றாள்.

செய்துவிட்டார்கள். அவளது கேசட் தணிகாசலத்திடம் இருக்கிறது. கொட்டகைச் சாவி பாபுவிடம். நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியை மட்டும். இன்று படத்திரையை விலக்க முதலாளி கை நீட்டும்போது பின்வரிசையில் டிரம் சத்தம் கேட்கும், பயப்படாதீர்கள். "நான் கேக்கறேன்க்கா. கேக்கறதுக்காக என் தங்கச்சி வேலையப் புடுங்க மாட்டாங்க" என்றிருக்கிறான் தணிகாசலம். "யார் மேல?" என்று அவன் கேட்பான். நான் எழுந்து நிற்பேன்.

முதலாளி கோதண்டராமன் மேல். தணிகாசலத்தின் விரல்களுக்காக நான் பேசினால் அது புறணி. அதை அவன் ஒருநாள் சொல்லட்டும். அமலியை இழந்தவளாக நான் எழுகிறேன். என் வீட்டுப் பின்பக்கம் இப்போது விடைத்தாள் திருத்தும் அளவுக்கு அமைதியாக இருக்கிறது. அந்த அமைதியை எனக்குச் செய்தவர் இந்த மனிதர்.

அவருக்கும் இதில் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். பதில் சொல்ல விரும்பினால் சொல்லலாம். அமலியின் விதி அது. ஆடிக் கிருத்திகைக்கு வந்த அதே மைக் செட்காரர்தான் இன்றும். அவரிடம் பேசிவிட்டேன். இந்தத் தடவை அணைக்க மாட்டார்.