வாசலில் நின்ற கார்கள்

என் அக்கா புருஷன் கார் ஷோரூமில் விற்பனையாளர். வண்டியை வைத்தே ஆளை எடைபோடும் பிறவி. மகளுக்கு இரண்டு அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, ஷோரூமின் புதுக் காரில் போய் வாசலோடு நோட்டம் விட்டுத் திரும்பினார். வாத்தியார், வகுப்பறை, கக்கூஸ் எதையும் எட்டிப் பார்க்கவில்லை.

"ரெண்டாவது ஸ்கூல் வாசல்ல எத்தனை காரு! எல்லாம் பெரிய எடத்துப் பிள்ளைங்க" என்று அக்காவின் வாயை அடைத்து, அங்கேயே சேர்த்தார்.

முதல் நாள் மாலையே மகள் சொன்னாள்: "அப்பா, அதெல்லாம் எதிர்ல இருக்குற பல் ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க காரு."

மனிதர் கொஞ்சமாவது அசடு வழிய வேண்டாமா? மறுநாள் காலை, அதே ஷோரூம் காரில் மகளைக் கொண்டுவந்து விட்டார். இன்னொரு தகப்பன் பவ்யமாக அருகில் வந்தான்.

"சார், அன்னிக்கு உங்க காரு இங்க நின்னதப் பாத்துதான் என் பையனையும் சேத்தேன்."

"நல்ல முடிவு" என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.