கறுப்பு வயர்

எங்கள் மூன்று பேரில் எடை குறைவானவள் என் மனைவி. நாற்பத்தாறு கிலோ. நான் எண்பத்திரண்டு. அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான், தொண்ணூறுக்கு மேல். சரியாகச் சொல்ல மாட்டான். நாங்கள் செய்த மின்சார மோட்டார் சைக்கிளை டிராக் ரேஸுக்குக் கொண்டுபோவது என்று முடிவானதும், யார் ஓட்டுவது என்ற பேச்சு இரண்டு நிமிடம்கூட நீளவில்லை. நேர்ச் சாலை, நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும், இருநூறு மீட்டரை முதலில் கடப்பவர் ஜெயித்தவர். அவ்வளவுதான் போட்டி. இதில் பாரம் குறையக் குறைய வண்டி பாயும்.

"அக்கா, நீதான்," என்றான் மச்சான்.

"ஹெல்மெட் மட்டும் புதுசா வாங்கிக் குடுங்க. உங்க வேர்வ நாத்தத்துல நான் தலய விட மாட்டேன்," என்றாள் அவள்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு குழாயில் பெயர் ஒட்டினால் ஒட்டியதை இன்னொரு முறை வாசித்துப் பார்க்கிறவள். மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். காலேஜுக்கே அப்பாவின் பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு போனவள். உண்மையைச் சொன்னால் என்னைவிட நன்றாக ஓட்டுவாள்.

எனக்குக் கடலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். மச்சான் சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறான். ஒருநாள் எதிலோ இடித்து நசுங்கிய ஒரு மின்சார ஆட்டோவை ஏற்றிக்கொண்டு வந்தான். பேட்டரியும் மோட்டாரும் நன்றாக இருந்தன. இன்ஜின் செத்துப்போன பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று என் கடைக்குப் பின்னால் கிடந்தது. ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகான நேரமெல்லாம் அதில் போயிற்று. குறிஞ்சிப்பாடியில் தெரிந்தவர் ஒருவரின் ரைஸ் மில் களத்தில் முதல்முறை ஓட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் அவள் களத்தின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்து நெல் காய வைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாய் திறந்து நின்றார்கள்.

போட்டி சிதம்பரத்தைத் தாண்டி, கீரப்பாளையம் போகும் வழியில் ஒரு கல்லூரிக்குள் நடந்தது. காலையில் முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து வண்டியை ஏற்றினோம். ஏற்றும்போது ஹேண்டில்பாரை ஒரு பக்கமாக முழுவதும் ஒடித்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

ஆக்சிலேட்டர் பிடியிலிருந்து மூன்று மெல்லிய வயர்கள் கீழே வருகின்றன. சிவப்பு, பச்சை, கறுப்பு. ஹேண்டிலை ஒடித்தால் கறுப்பு வயர் மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது. நான் அளவெடுத்து வெட்டும்போது அது நாலு விரற்கடை குறைந்துவிட்டிருக்கிறது. சால்டர் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் மேலுறை இழுபட்டு வெளுத்திருந்தது. சரியான வேலை என்றால் அதைக் கழற்றி நீளமான வயர் போட வேண்டும். அரை மணி நேரம் ஆகும். மச்சான் வண்டியில் ஏறி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நான் இன்சுலேஷன் டேப்பை எடுத்து நாலு சுற்று சுற்றினேன். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

போய்ப் பார்க்கவில்லை. அங்கே கூட்டமும் கொடியும் ஒலிபெருக்கியுமாக இருந்தது. பெட்ரோல் வண்டிகள் போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசவே கத்த வேண்டியிருந்தது. எங்கள் வண்டியைச் சுற்றி நாலைந்து பேர் நின்று, "ஸ்டார்ட் ஆயிடுச்சா, இல்லயா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். மின்சார வண்டிகளுக்குத் தனிப் பிரிவு. மொத்தமே நாலு வண்டிதான்.

வண்டிகளைச் சோதிக்க ஒரு நடுவயது அதிகாரி வந்தார். பிரேக்கைப் பார்த்தார், பேட்டரிப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். ஓட்டுபவர் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கயிற்றை இழுத்தார். அதை இழுத்தால் மின்சாரம் மொத்தமாக நிற்க வேண்டும், நின்றது. கடைசியில் ஹேண்டிலை ஒடித்துவிட்டு டேப் சுற்றிய இடத்தில் விரலை வைத்தார்.

"இது கொஞ்சம் டைட்டா இல்ல?"

"இல்ல சார். சரியா இருக்கு," என்றேன்.

அவர் தாளில் கையெழுத்துப் போட்டார். ஓட்டுபவர் என்று அவள் பெயர், மாற்று ஓட்டுநர் என்று என் பெயர். மனைவி பக்கத்தில்தான் கையுறை மாட்டிக்கொண்டு நின்றாள்.

முதல் சுற்றில் அவளுக்கு எதிராகப் புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு இளைஞன். மஞ்சள் விளக்கு எரிந்தது, பிறகு பச்சை. நான் சாலையோரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் வண்டி முதல் இருபது மீட்டரிலேயே முந்திவிட்டது. மோட்டாரின் மெல்லிய கீச்சொலி ஏறிக்கொண்டே போனது. அரை வண்டி நீளம் முன்னால் அவள் கோட்டைத் தாண்டினாள். மச்சான் என்னைத் தூக்கிவிட்டான்.

அவன் கையில் தொங்கியபடியே காதைத் தீட்டிக் கேட்டேன். கீச்சொலி குறையவில்லை.

கோட்டைத் தாண்டினால் பிடியை விட்டுவிட வேண்டும். புதுச்சேரிப் பையனின் வண்டி வேகம் குறைந்து பின்தங்கிக்கொண்டிருந்தது. அவள் வண்டி இன்னும் ஏறியது. கூட்டம் கைதட்டியது, ஜெயித்த உற்சாகத்தில் ஓட்டுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு மட்டும் தெரிந்தது. கறுப்பு வயர் அறுந்தால், பிடியை முழுவதும் திருகியிருப்பதாகத்தான் மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும். அப்படி ஆனால் தானாக நிற்கிற வசதி நான் போட்ட கன்ட்ரோலரில் இல்லை. புறப்படும்போதே அறுந்திருக்கும். முழுசாகத் திருகிப் பிடித்துக்கொண்டு போகிறவளுக்கு அது எப்படித் தெரியும்? விட்ட பிறகுதான் தெரியும்.

சாலை முடிகிற இடத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். அவற்றுக்குப் பின்னால் கல் மதில். நான் கயிற்றுக்கு அடியில் குனிந்து ஓடினேன். ஓடி என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. மாதாவே, மாதாவே என்று மட்டும் வாயில் வந்தது.

கீச்சொலி சட்டென்று அறுந்தது. மணிக்கட்டுக் கயிற்றை இழுத்துவிட்டாள். வண்டி ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் அலைந்தது. பின் சக்கரம் தேய்ந்து புகை வந்தது. முன் சக்கரம் வைக்கோலில் போய் மெதுவாக, யாரோ கையால் தள்ளி நிறுத்தியது போல முட்டி நின்றது. அவள் விழவில்லை. காலை ஊன்றிக்கொண்டு ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

நான் அவளிடம் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியதில் பேச முடியவில்லை. அவள் தோளைத் தொட்டேன், கையைத் தொட்டேன், முழங்காலைத் தொட்டேன்.

"எனக்கு ஒண்ணும் ஆவல," என்றாள். "விட்டும் வண்டி நிக்கல. ஏன்?"

என் உடம்பு முழுவதும் லேசாகிவிட்டிருந்தது. அந்த நிமிடத்தில், தெரியவில்லை, பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். மோட்டார் வேலை தெரிந்தவன் சொன்னால் யாரும் நம்புவார்கள். ஆனால் அவள் முழுசாக என் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அதற்குமேல் எனக்கு மறைக்க எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"வயர் அறுந்திருக்கும். கொஞ்சம் குட்டையா வெட்டிட்டேன்."

"எப்பத் தெரியும்?"

"காலையிலயே. டேப் சுத்திட்டேன்."

"அந்த சார் கேட்டாரே. சரியா இருக்குன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேன்."

அவள் ஹெல்மெட்டை வைக்கோல்மேல் வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பந்தல் பக்கம் நடந்தாள். மச்சான் ஓடிவந்து, "இன்னா மாமா, அக்கா எங்க போவுது?" என்று கேட்டான். அவனிடமும் சொன்னேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியைத் தள்ள ஆரம்பித்தான். அவன் அப்படி வாய் மூடி நான் பார்த்ததில்லை.

நான் சோதனை அதிகாரியிடம் போனேன். நடந்ததைச் சொல்லி, எங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். அவர் எங்கள் தாளைத் தேடி எடுத்தார்.

"ஓட்டுனது யாரு?"

"என் சம்சாரம் சார்."

"அவுங்களே கயித்த இழுத்தாங்களா?"

"ஆமா சார்."

"நல்லா ஓட்டுறாங்க." தாளைப் புரட்டினார். "அடுத்த சுத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கு. வயர புதுசா போட்டு என்கிட்ட காட்டுங்க. ஓட்டுறதும் ஓட்டாததும் அவுங்க இஷ்டம்."

திரும்பி வந்தபோது அவள் வண்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "கழட்டுங்க. நான் பாக்குறேன்," என்றாள். மூன்று வயரையும் எடுத்துவிட்டு ஒரு சாண் கூடுதலாக விட்டுப் புதுசு போட்டேன். ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தாள். பின் சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கிவைத்துப் பிடியைத் திருகி விடச் சொன்னாள், சக்கரம் நின்றது. இன்னொரு முறை. இன்னொரு முறை. அதிகாரியும் வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் ஹெல்மெட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீங்க ஓட்டுங்க."

"நானா? என் வெயிட்டுக்கு எங்க ஜெயிக்கிறது?"

"ஜெயிக்க வேணாம். நீங்க கட்டுன வயரு. நீங்க போய்ட்டு வாங்க."

ஹெல்மெட் எனக்குச் சிறியது. காதை மடக்கிக்கொண்டு உள்ளே போனேன். கோட்டில் போய் நின்றேன். ஆயிரம் மோட்டார் கட்டியிருப்பேன். கட்டிய எதையும் நம்பி உயிரை வைத்து நான் உட்கார்ந்ததில்லை. பச்சை எரிந்தது. எதிராளி போன பிறகுதான் நான் பிடியையே திருகினேன். காற்று அடித்தது, இரண்டு பக்கமும் ஆட்கள் கோடு கோடாகப் போனார்கள். தூரத்து வைக்கோலும் மதிலும் பெரிதாகிக்கொண்டே வந்தன. கோட்டைத் தாண்டியதும் விட்டேன்.

அடங்கியது. கீச்சொலி இறங்கி, இறங்கி, ஒன்றுமில்லாமல் போயிற்று. வைக்கோலுக்கு வெகு தூரம் முன்னாலேயே நின்றுவிட்டேன். ஹேண்டில்மேல் கவிழ்ந்துகொண்டு சத்தமாகச் சிரித்தேன். கண்ணில் தண்ணீரும் வந்தது. என்னைத் தாண்டி எதிராளி எவ்வளவு முன்னால் போனான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தள்ளிக்கொண்டு திரும்பியபோது மச்சானுக்குப் பேச்சு வந்துவிட்டிருந்தது. "மாமா, கல்யாண ஊர்வலமே இத விட ஜாஸ்தி ஸ்பீடா போவும்," என்றான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் மூக்குக்கு நேராக விரலை நீட்டினாள்.

"இனிமே எங்கிட்ட சரியா இருக்குன்னு சொன்னா, சரியா இருக்கணும்."

"இருக்கும்," என்றேன்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வண்டியை ஏற்றிக் கட்டிவிட்டுக் கிளம்பினோம். சிதம்பரத்தில் ஒரு ஓட்டலில் நிறுத்தி மூன்று பேரும் பரோட்டா தின்றோம். எனக்கு அப்படி ஒரு பசி. லோடு வண்டியின் முன் சீட்டில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்ததில் மச்சானுக்குக் கியர் போடவே இடமில்லை. புதுச்சத்திரம் வருவதற்குள் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். லேசாக வாய் திறந்திருந்தது. மச்சான் எதையோ சொல்ல வாயெடுத்து, அவளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். முன்னால் ஒரு வேகத்தடை வந்தது. நான் சொல்லாமலே அவன் பிரேக்கை மிதித்து, மெதுவாக ஏற்றி இறக்கினான்.