மூன்றாவது வழக்கு

என் அலமாரியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. இந்த மலையின் ஈரம் அதன் அட்டையைத் தின்றுவிட்டது. தானா ராத்தா பள்ளியில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் துப்பறியும் கதை கேட்டு வரும்போது புத்தகங்களை எடுத்துக் கொடுப்பேன். நோட்டை மட்டும் பின்னுக்குத் தள்ளிவிடுவேன்.

அது எங்கள் துப்பறியும் சங்கத்தின் நோட்டு. சங்கம் என்றால் இரண்டே பேர்: தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகளான நானும், கொழுந்து பறிப்பவரின் மகளான என் தோழியும். புத்தகங்கள் என்னுடையவை என்பதால் நான் தலைவி. கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் அவள் எழுத்தர். பள்ளிக் கூட்டாளிகள் சேர்ந்து திருடனைப் பிடிக்கும் கதைகள் அவை. கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் கூட்டிவைத்துக் குற்றவாளியைச் சுட்டிக்காட்டுவார்கள். அந்த இடம் வந்தால் எனக்குப் புல்லரிக்கும். எங்களுக்கு வாய்த்த முதல் இரண்டு வழக்குகளோ, காணாமல்போன ஒரு கோழியும் துரை வீட்டு நாயும். இரண்டும் தாமாகவே திரும்பி வந்து எங்கள் மானத்தை வாங்கின.

மூன்றாவது, பள்ளிக்குப் போடும் என் காலணி, வெள்ளைச் சப்பாத்து. மலையில் துவைத்த சப்பாத்து லேசில் காயாது. அதனால் தேயிலை ஆலையின் அடுப்பறைச் சுவரோரம் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருடைய வெள்ளைச் சப்பாத்தும் வரிசையாகக் காயும். மாறிப்போகாமலிருக்க அதன் பின்விளிம்பில் வீட்டுக்கொரு நிறத்தில் நூல் தைத்திருப்பார்கள். எங்களுடையது சிவப்பு. ஒரு சனிக்கிழமை என் ஜோடியைக் காணோம். வீட்டில் இன்னொன்று இருந்தது. எனக்கு வருத்தமே இல்லை, கொண்டாட்டம்தான். உண்மையான திருட்டு!

"யாருன்னு தெரிஞ்சா என்னா செய்வ?" என்று தோழி கேட்டாள்.

"திங்கக்கெழம பள்ளிக்கூடச் சபைகூடல்ல எல்லார் முன்னாலயும் சொல்வேன்லா. கதையில அப்படித்தானே?"

"நம்ம கூட்டாளியா இருந்தா?"

"யாரா இருந்தா என்னா?"

ஞாயிறு மாலை நோட்டை என் கையில் திணித்தாள். "வீட்டுல போயி படி. மறந்துடாத." நான் திறக்கவில்லை. குற்றவாளி யாரென்றே தெரியாமல், கண்ணாடி முன் நின்று கடைசி அத்தியாயப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சபைகூடலில் அவள் பாட வேண்டிய முறை. போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். மேடைப் படியில் கால் வைத்தபோது அவள் போட்டிருந்த சப்பாத்தின் பின்விளிம்பைப் பார்த்தேன். நூல் இல்லை, வரிசையாக ஊசித் துளைகள், அவற்றில் ஒன்றில் சிவப்பாக ஓர் இழை. விரலை நீட்டி, "இதோ குற்றவாளி!" என்று கத்தினேன். பள்ளியே திரும்பிப் பார்த்தது. அவள் இறங்கி வந்து, சப்பாத்தைக் கழற்றி என் முன்னால் ஜோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஈரப்புல்லில் நடந்து போனாள்.

பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. சில வாரங்களில் அவள் குடும்பம் பள்ளத்தாக்கிலிருக்கும் லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்ட வேலைக்குப் போய்விட்டது. அவர்கள் போன பிறகுதான் நோட்டைத் திறந்தேன். வளர்ந்தபின் அங்கே போய் விசாரித்தும் பார்த்தேன், தெரிந்தவர் யாருமில்லை. துப்பறியும் தலைவிக்கு ஓர் ஆளைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அவளுக்குப் பிறகு, மனதில் இருப்பதைச் சொல்ல எனக்கு ஒருவரும் வாய்க்கவில்லை.

இன்று ஒரு மாணவி, தானும் தோழியும் சங்கம் தொடங்கியதாகச் சொல்லிவிட்டு ஓடினாள். வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தேன். மூன்றாவது வழக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு நூல் சுருட்டி வைத்தபடியே இருக்கிறது. கீழே அவள் கையெழுத்து.

"குற்றவாளி: நான். என் சப்பாத்து பிய்ந்துவிட்டது. நாளை பாடிவிட்டுத் திருப்பித் தருகிறேன். கூடாதென்றால் இப்போதே வந்து சொல். நீ வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்வேன்."

நான் போகவில்லை. அதனால்தான் அவள் சிரித்தாள்.