மலைப்பாதை வகுப்பு, சேலத்தில்

மலைக்கிராமத்து இளைஞர்கள் வண்டி ஓட்டப் பழகும் விதத்தை ஆராய்ந்து, அவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தருவது எங்கள் திட்டம். பயிற்சிக் காரை மலையேற்ற இன்ஷூரன்ஸ் இடம் தராது என்று அலுவலகம் சொல்லிவிட்டது. ஆகவே வகுப்பு சேலத்தில், மேடு பள்ளமே இல்லாத ஒரு மைதானத்தில், காலை எட்டு மணிக்கு. ஒரு வகுப்பு தவறினாலும் லைசென்ஸ் செலவைத் திட்டம் ஏற்காது.

முதல் வாரம் எல்லாரும் நேரத்துக்கு வந்தார்கள். அதுதான் உறுத்தியது. மலைமேல் இருக்கும் மாரமங்கலம் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் எட்டு மணிக்குள் சேலம் வர முடியாது.

அந்த ஊரிலிருந்து வகுப்புக்கு வரும் பெண்ணைத் தனியே கூப்பிட்டேன். லைசென்ஸ் வாங்கினால் காப்பி எஸ்டேட்டின் ஜீப்பை ஓட்டும் வேலை தருவதாக, அங்கே கணக்கும் ஆள்வேலையும் பார்க்கும் ரைட்டர் அவளிடம் சொல்லியிருந்தார். காப்பிப் பழம் பறிப்பதை விட்டு வெளியேற அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"எதுல வர்றே?"

"அண்ணன் ஸ்கூட்டர்லங்க்கா, நானே ஓட்டிட்டு வருவனுங். பின்னால பக்கத்து ஊரு கொட்டச்சேட்டுப் புள்ளைங்க ரெண்டு பேரு."

லைசென்ஸ் இல்லை. ஹெல்மெட் இல்லை. ஒரு வண்டியில் மூன்று பேர். நான் எண்ணி முடிப்பதற்குள் அவளே பெருமையாகச் சொன்னாள்.

"எறக்கத்துல இஞ்சின ஆஃப் பண்ணிருவனுங். பெட்ரோலே ஆகாது."

அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் வெறும் பிரேக்கில்!

பயிற்சியாளர் சிரித்தார். "கத்துக்க வர்ற வழியிலேயே போய்ச் சேந்துருவாங்க போலிருக்குங்க மேடம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலுவலகத்துக்குப் போன் செய்து, வகுப்பைப் பத்து மணிக்கு வையுங்கள், இல்லையென்றால் ஒரு வேன் அனுப்புங்கள் என்றேன்.

"வருகைப் பதிவு முழுசா இருக்கே. அவங்க எப்படி வர்றாங்கன்றது நம்ம ஆய்வுல இல்லம்மா" என்றார் மேலாளர்.

நேரம் மாறும்வரை வகுப்பு இல்லை என்று நானே அறிவித்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்க்கா, பஸ்ஸுக்குத் தோதா நேரத்த மாத்துறத வுட்டுட்டு, வகுப்பையே நிறுத்திப்போட்டீங்க? ரைட்டரு எனக்காகக் காத்துட்டு இருப்பாருங்களா?"

"வளைவுல விழுந்தா வேலை எதுக்கு?"

"விழுந்தா பாத்துக்கலாங்க்கா. நீங்க இப்பவே தள்ளிவுட்டீங்களே."

நேரத்தை மாற்ற அனுமதி கேட்டு எழுதினேன், மறுபடியும் எழுதினேன், நேரில் போய் நின்றேன். கடைசியில் அனுமதி வந்தது. அதற்குள் ரைட்டர் சேலத்திலிருந்து ஓர் ஆளை ஜீப்புக்கு வைத்துக்கொண்டுவிட்டார். பத்து மணி வகுப்புக்கு மற்றவர்கள் பஸ்ஸில் வந்தார்கள். அவள் வரவில்லை.