நானூறு 'வாங்க'வும் ஒரு தொண்டையும்

போன வாரம் சேலத்தில் ஒரு வீட்டுக் கதவு எனக்காகத் தானாகத் திறந்தது. அதில் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாமக்கல்லில் சின்னதாக ஒரு வீடு கட்டியிருக்கிறோம். புதுமனை புகுவிழாவுக்கு முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான் வைக்க வேண்டும். மாமா இப்போது மகனோடு சேலத்துக்கு வெளியே இருக்கிறார். ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள், சுற்றிலும் பெரிய மதில். வாசல் காவலாளி என்னை நிறுத்திப் போட்டோ எடுத்தார், போனில் எதையோ அழுத்தினார், ஒரு கம்பி மேலே போனது. உள்ளே போய் வீட்டைத் தேடிப் பிடித்தால் கதவில் ஒரு கேமரா. ஆபீசில் இருந்த மாமா மகன் அங்கிருந்தே என் மூஞ்சியைப் பார்த்துக் கதவைத் திறந்துவிட்டான். ஹாலில் ஆள் இல்லை. சமையல்கார அம்மா ஒரு டம்ளர் தண்ணீரை மேசையில் வைத்து, "ஐயா தூங்கறாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மல்லிகைப்பூ வாசம் வந்தது. பூ எங்கே என்று தேடினேன். சுவரில் ஒரு டப்பா மாட்டியிருந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அது 'புஸ்' என்று அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கோபத்துக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் மாமாவின் தொண்டையிலிருந்தும் ஒரு நாள் இதே சத்தம்தான் வந்தது.

அப்போது எங்கள் குடும்பம் பரமத்தி வேலூரில் இருந்தது. நடக்க முடியாத குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. குழந்தைகளின் கை காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்பது என் வேலை. சக்கர நாற்காலியோடு ஏற்றுகிற மாதிரி ஒரு வேன் பள்ளிக்கு வேண்டியிருந்தது. ஊரில் இருந்த பெண்கள் சங்கம் ஒரு யோசனை சொன்னது. பெரிய வீட்டுக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டையும் தோட்டத்தையும் திறந்து வைக்க வேண்டும். டிக்கெட் வாங்கியவர்கள் வரிசையாகப் போய்ச் சுற்றிப் பார்க்கலாம். வருகிற பணம் வேனுக்கு.

டிக்கெட் பறந்தது. தர்ம சிந்தனையால் என்று நினைத்துவிடாதீர்கள். வருடக் கணக்கில் மதில் சுவரை மட்டும் பார்த்துக்கொண்டு போன சனத்துக்கு, உள்ளே என்னதான் வைத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். எனக்கும் அதே ஆசைதான். முதல் நாள் ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை. போர்வெல் வண்டி வைத்திருந்தவர் இரண்டு மாடிக்கு லிஃப்ட் போட்டிருந்தார். கோழிப்பண்ணைக்காரர் வீட்டுக் குளியலறை எங்கள் வீட்டை விடப் பெரிது என்று பேச்சு. அது உண்மை. அடுத்த வருடம் நானே போய்க் காலால் அளந்து பார்த்தேன். அந்தக் குளியலறைக்கு நின்ற வரிசை கோயிலில் கூட நிற்காது. ஒரு கிழவர் வெளியே வந்து, "இத்தன பெரிய எடத்துல குளிச்சா குளுரத்தான செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

ஒரு வெற்றிலைக் கொடிக்காலும் பட்டியலில் இருந்தது. கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு போக மாட்டார்கள். அத்தனை பேரும் வரப்போரம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். திரும்பி வந்தபோது யார் செருப்பு யாருடையது என்று ஒரு கூச்சல். என் சித்தி ஒருத்தி இரண்டும் இடது கால் செருப்பாகப் போட்டுக்கொண்டு வீடு வரை வந்தாள்.

பெண்கள் சங்கம் ஒரு தப்புக் கணக்குப் போட்டிருந்தது. வீட்டுக்குக் கால் மணி நேரம் என்று அட்டவணை அடித்து, கீழே 'பார்வையாளர்களுக்கு எதுவும் பரிமாற வேண்டாம்' என்று எழுதியிருந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்களிடம் இதைச் சொன்னால் நடக்குமா? வீட்டுக்குள் வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவதா? முதல் வீட்டிலேயே உப்புமா. இரண்டாவது வீட்டில் பலகாரம். பத்து மணிக்கு மூன்றாவது வீட்டில் இருக்க வேண்டிய கூட்டம் முதல் வீட்டில் கை கழுவிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டை விடப் பெரியது ஒன்று உண்டு. அது 'வாங்க'. வீட்டுக்கு ஒருவர் வந்தால், அந்த வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் அவர் முகத்தைப் பார்த்து 'வாங்க' என்று சொல்ல வேண்டும். மொத்தமாக ஒரு கும்பிடு போட்டால் செல்லாது. சொல்லாமல் விட்டால் வந்தவர் திரும்பிப் போய்விடுவார். அதோடு முடியாது. அவர் பேரன் கல்யாணம் வரை பேச்சு இருக்கும். அசலூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். நான் அதன் நடுவில் வளர்ந்தவள், எனக்குத் தெரியும்.

என் அம்மாவும் மாமாவும் ஒன்பது வருடம் பேசாமல் இருந்தது இதனால்தான். மாமா பரமத்தி வேலூரில் புது வீடு கட்டிப் புகுவிழா வைத்த அன்று, சேலத்துக்குப் போய்க் குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு திரும்பிய அம்மா, பஸ் தாமதமாகி வேர்க்க விறுவிறுக்க வாசலுக்கு வந்திருக்கிறாள். அதே நேரம் யாரோ பெரிய மனிதரின் கார் வந்து நின்றிருக்கிறது. மாமா காரைப் பார்த்து ஓடிவிட்டார். கூடப் பிறந்த அக்காவை 'வாங்க' என்று சொல்லவில்லை. அம்மா கொண்டுபோன குத்துவிளக்கை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்த விளக்கு எங்கள் வீட்டுப் பரணில் காகிதம் கூடப் பிரிக்காமல் கிடந்தது. மாமா எத்தனையோ பேரைத் தூது அனுப்பினார். "அவன் ஊட்டு வாசல்ல என்னைய நிக்க வெச்சு அவன் வாயால கூப்புடட்டும்" என்பாள். "நீ வந்தா கூப்புடறேன்னு சொல்றாரும்மா" என்று நான் சொன்னால், "கூப்புடாத ஊட்டுக்கு நான் எப்படிப் போவேன்" என்பாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அந்த கேட்டைப் பார்க்கக் கூடாது என்று மார்க்கெட்டுக்குச் சுற்று வழியில் போவாள்.

எனக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். தாய்மாமன் சீர் இல்லாமல் மணவறையில் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும் என்பது ஒரு பக்கம். ஊரை விடுங்கள், எனக்கு மாமா வேண்டும். சைக்கிள் பழக்கிவிட்டவர் அவர். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. டிக்கெட் கிழிக்க எனக்கு ஒதுக்கிய வீடு எது தெரியுமா? மாமா வீடு. அம்மாவிடம் சொல்லவில்லை.

காலையில் நான் போனபோது மாமா வெள்ளை வேட்டி கட்டி, கேட்டுக்கு உள்பக்கம் தயாராக நின்றிருந்தார். "வா சாமி" என்றார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. நான் டிக்கெட் கட்டைப் பிரித்தேன்.

அத்தை உள்ளேயிருந்து கத்தினாள். "ஏனுங்க, டிக்கெட் வாங்குன சனம் தானா வரும். நீங்க எதுக்கு அங்க காவல் நிக்கறீங்க?"

"என்ற ஊட்டுல கால் வெக்கற ஒவ்வொருத்தரையும் நான் கூப்புடோணும். ஒருத்தர உட்டுப்போட்டு நான் பட்டது போதும்" என்றார் மாமா. என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

கூப்பிட்டார். வந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு 'வாங்க'. குழந்தைகளுக்கு 'வா சாமி'. நாமக்கல், கரூர், குமாரபாளையம் என்று வேன் வேனாக வந்தார்கள். அத்தையின் தோட்டத்தில் கூட்டம் தள்ளியது. அவள் வைத்திருந்த செம்பருத்தியில் இத்தனை நிறம் உண்டா என்று நானே வாயைப் பிளந்தேன். புடலங்காய்ப் பந்தலில் ஒவ்வொரு பிஞ்சிலும் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம், "கல்லு கட்டலீனா சுருண்டுக்குமுங்க, மனுசனாட்டந்தான்" என்று சொல்லி எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பள்ளிக்கு வேன் வந்துவிடும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மத்தியானத்தில் மாமாவின் குரல் கரகரத்தது. அத்தை மிளகுப்பால் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு மறுபடி நின்றார். மூன்று மணிக்குக் குரல் சுத்தமாகப் போய்விட்டது. கையைக் கூப்பி வாயை மட்டும் அசைத்தார், காற்றுதான் வந்தது. "உள்ள போய் உக்காருங்க மாமா" என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

அப்போது சேலத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. பத்திருபது பெண்கள் இறங்கினார்கள். தெருவில் நடந்து வந்து அவர்களுக்கு நடுவில் கலந்து, பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கையில் டிக்கெட்டோடு என் அம்மா. மருந்துக் கடையில் டிக்கெட் வாங்கியிருக்கிறாள். ஒரு வாரமாக நானும்தான் டிக்கெட் விற்றேன், என்னிடம் வாங்கவில்லை.

என் முன்னால் நீட்டினாள். "கிழிச்சுக் குடுங்க."

"அம்மா..."

"கிழிக்கறதுக்குத்தான உன்னைய நிறுத்தியிருக்காங்க. கிழி. காசு குடுத்து வந்திருக்கறேன். தோட்டம் பாக்கோணும்."

டிக்கெட் கோணலாகக் கிழிந்தது. மாமா பார்த்துவிட்டார். கேட் உருளுகிற இரும்புத் தண்டவாளத்தின் மேல் அம்மா நின்றுவிட்டாள். ஒரு காலும் உள்ளே வைக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். தோட்டமும் இல்லை ஒன்றும் இல்லை. அவள் எதற்கு வந்தாள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

மாமா வாயைத் திறந்தார். 'புஸ்' என்றது.

மறுபடி திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடியும் 'புஸ்'.

அம்மா முகம் இறுகியது. "மாமாவுக்குத் தொண்டை கட்டிருச்சும்மா, காலைல இருந்து..." என்று ஆரம்பித்தேன். "உன்னையக் கேக்கல" என்றாள். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள்.

எனக்கு வாய் அடங்காது. அன்றும் அடங்கவில்லை. "ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க. தையில நான் தனியாவே போயி மணவறையில உக்காந்துக்கறேன். ஒரு வார்த்தைக்கு ஒம்பது வருசம் பத்தாதா உங்களுக்கு" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன்.

பிறகு சேலத்துப் பெண் ஒருத்தி பின்னாலிருந்து கேட்டாள்: "ஏங்க, நாடகமும் இந்த டிக்கெட்லயே சேர்த்திங்களா?"

கூட்டம் சிரித்தது. அம்மாவுக்கும் சிரிப்பு முட்டியது, ஆனால் அடக்கிக்கொண்டாள். மாமா திரும்பி ஓடினார். அன்றைக்குக் காரைப் பார்த்து ஓடியது போலவே ஓடுகிறார் என்று நினைத்தேன். தண்ணீர்ப் பானைக்குத்தான் ஓடியிருக்கிறார். சொம்பில் மொண்டு, தளும்பத் தளும்ப இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்று நீட்டினார். பாதித் தண்ணீர் அவர் வேட்டியில்.

அம்மா சொம்பைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"ஏன்டா, ஊருல இருக்கற நானூறு பேரக் கூப்புடறதுக்குத் தொண்டை இருந்துச்சு. எனக்குன்னு வர்றப்ப மட்டும் கட்டிக்கிச்சாக்கும்?"

சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தாள். காலி சொம்பை என் கையில் திணித்துவிட்டு உள்ளே காலை வைத்தாள். மாமா அழுதாரா என்று கேட்காதீர்கள். எனக்கு யார் முகமும் சரியாகத் தெரியவில்லை.

நேராகப் புடலைப் பந்தலுக்குப் போனாள். "இத்தச்சோட்டுப் பெரிய கல்லக் கட்டுனா பிஞ்சு அத்துக்கிட்டுத்தான் உழுகும். யாரு கட்டுனது?" என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சின்னக் கல்லாகக் கட்ட ஆரம்பித்தாள். அத்தை ஓடிவந்து நூலைப் பிடித்தாள். மாமா பின்னாலேயே நின்றார். அன்று சாயங்காலம் பரணிலிருந்து அந்தக் குத்துவிளக்கை நான்தான் இறக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கல்யாணத்தில் மண்டப வாசலில் அக்காவும் தம்பியும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று வந்தவர்களைக் கூப்பிட்டார்கள். மாமா சட்டைப் பையில் ஒரு பொட்டலம் கற்கண்டு இருந்தது.

பள்ளிக்கு வேன் வந்தது. அதன் பிறகு இரண்டு மூன்று வருடம் வீடுகளைத் திறந்தார்கள். அப்புறம் கொரோனா வந்தது. அன்று சாத்திய கதவைப் பிறகு யாரும் திறக்கவில்லை. இப்போது அவரவர் வீட்டை அவரவரே படம் பிடித்து யூடியூபில் போடுகிறார்கள். குளியலறை வரை காட்டுகிறார்கள். உள்ளே யாரையும் கூப்பிடுவதில்லை. அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. மாமாவின் வேலூர் வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் இடித்து வரிசையாகக் கடை கட்டியிருக்கிறார். பந்தல் இருந்த இடத்தில் பைக் நிற்கிறது.

போன வாரம், அந்தச் சேலத்து வீட்டில் மாமா மாடியிலிருந்து இறங்கி வந்தார். நான் சோபாவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார்.

"எப்ப சாமி வந்தே? வாசல்ல யாரு கூப்பிட்டாங்க?"

"யாருமில்லீங் மாமா. ஒரு கம்பி மேல போச்சு. வந்துட்டேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வெகு நேரம் தடவிக்கொண்டே இருந்தார். "உங்கம்மாளா இருந்தா இந்நேரத்துக்குத் திரும்பிப் போயிருப்பா" என்றார்.

"கையில டிக்கெட்டும் இல்லையே" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

கிளம்பி வெளியே வந்தேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். ஜன்னலின் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் மாமா நின்று கையைக் கூப்பியிருந்தார். வாய் அசைந்தது. சத்தம் வெளியே வரவில்லை. இந்தத் தடவை அவர் தொண்டை நன்றாகத்தான் இருந்தது.