அம்மீட்டர் புகைந்த நாள்

நேற்று ஸ்ரீரங்கத்து வீட்டில் என் மகள் கைப்பேசித் திரையில் மின்சுற்று ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தாள். பேட்டரியைக் கூட்டிக்கொண்டே போனதில் பல்பு தீப்பிடித்தது. குட்டியாக, அழகான ஆரஞ்சுத் தீ. "எரிஞ்சிருச்சுப்பா" என்று சிரித்தபடி ஒரு பொத்தானை அமுக்கினாள். புது பல்பு வந்துவிட்டது. எனக்குத்தான் இல்லாத புகை மூக்கில் ஏறியது.

அந்த வாடை திருவானைக்காவலைச் சேர்ந்தது. கோயிலை நினைத்துவிடாதீர்கள், நான் முதன்முதலில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்த தனியார் பள்ளி அங்கே இருந்தது. சேர்ந்த வருடமே தாளாளர் கம்ப்யூட்டர்கள் வாங்கினார். திரையில் கம்பியை இழுத்துவிட்டால் மின்சாரம் நீலப் புள்ளிகளாக ஓடும். "இனிமே ஒயரு, பேட்டரின்னு ஒண்ணும் வேண்டாம் சார். பிள்ளைங்க விளையாட்டாவே படிச்சிரும்" என்றார். நானும் பலமாகத் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால், கல்லூரியில் நண்பன் இணைத்துக் கொடுத்த சுற்றைப் பார்த்து அளவு மட்டும் எழுதியவன் நான். என்னைக் காப்பாற்றத்தான் அந்த மென்பொருள் வந்தது என்றே நம்பினேன். ஆய்வகத்தைப் பூட்டினோம்.

செய்முறைத் தேர்வுக்கு வேறு பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. பூட்டிக் கிடந்த ஆய்வகச் சாமான்களை எடுத்துவரச் சொன்னார். "ஓம் விதி. சர்க்யூட் போடுங்க" என்றார். வருடம் முழுக்கத் திரையில் சுற்று போட்ட பிள்ளைகள் ஒயரின் நுனியைப் பிடித்துக்கொண்டு விழித்தார்கள். வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் மாணவன், மின்னோட்டம் அளக்கும் அம்மீட்டரை நடுவில் மின்தடை எதுவும் வைக்காமல் நேராக பேட்டரியோடு சேர்த்தான். முள் ஓரத்தில் போய் முட்டியது, புகை வந்தது.

தேர்வாளர் என்னைப் பார்த்தார். "பயந்துட்டாங்க. நீங்க ஒண்ணு போட்டுக் காட்டுங்க சார்."

என் வலது கை மேசைமேல் மவுஸைத் தேடியது. பொய்யில்லை. எதையோ எடுத்து எதிலோ செருகப் போனேன்.

"சார், அந்த ஒயரு அங்க வராதுங்க சார்" என்று பின்வரிசையிலிருந்து மெல்லிய குரல். கலைச்செல்வி. மருங்காபுரியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பெண். அவளுடைய சுற்று அதற்குள் தயார். ஒயரின் உறையைப் பல்லாலேயே உரித்திருந்தாள்.

"எங்கேம்மா கத்துக்கிட்ட?"

"கெணத்து மோட்டார் ஓடலேன்னா நாந்தான் சார் பாப்பேன்."

தேர்வாளர் இளகிய மனசுக்காரர். எல்லாருக்கும் முழு மதிப்பெண். செய்தி எப்படியோ பரவி, சாயங்காலம் கலைச்செல்வி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"பொகைய விட்டவனுக்கும் எனக்கும் ஒரே மார்க்கா சார்?"

"உனக்கு ஒண்ணும் குறையலையேம்மா" என்றேன். இத்தனை வருட வேலையில் நான் சொன்ன மோசமான பதில் அதுதான். அவள் கோபப்படவில்லை. "சரிங்க சார்" என்று போய்விட்டாள்.

மறுநாளே ஆய்வகத்தை வகுப்புகளுக்குத் திறந்துவிட்டேன். அடுத்து வந்த பிள்ளைகளோடு சேர்ந்து நானும் ஒயர் உரிக்கப் பழகினேன். கையால் அளந்து எழுதியதால் எங்கள் செய்முறை நோட்டுகளில் பாதி எண்கள் அடித்தும் திருத்தியும் கிடக்கும்.

போன மாதம் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். ஆய்வகம் இருந்த இடத்தில் சுவரளவு தொடுதிரை. மேசையில் இருந்த செய்முறை நோட்டுகளைச் சும்மா புரட்டினேன். எல்லாருக்கும் சரியான விடை. அடித்து எழுதிய எண் ஒன்றுகூட இல்லை.